எளியதே அரிது

பழைய பொருள்களில் பகட்டானதுதான் அரிது என்று நினைப்பது வழக்கம். 1957ஆம் ஆண்டு ஷெவர்லே கார் இந்த நினைப்பைப் பொய்யாக்குகிறது.

அமெரிக்காவில் அது மூன்று தரங்களில் விற்பனைக்கு வந்தது. அடியில் ஒன்-ஃபிஃப்டி, நடுவில் டூ-டென், உச்சியில் பெல் ஏர். ஜன்னல்களுக்கு நடுவே தூண் இல்லாத, இரண்டு கதவு 'ஹார்ட்டாப்' வடிவம் மேல் தரங்கள் இரண்டிலும் கிடைத்தது. பெல் ஏருக்குப் பின்பக்கங்களில் அலுமினியத் தகடு, பொன்னிற எழுத்துகள். விலையில் வித்தியாசம் நூறு டாலர் அளவுதான். பெரும்பாலோர் அதையும் கொடுத்துப் பளபளப்பை வாங்கினார்கள். விளைவு: பெல் ஏர் ஹார்ட்டாப் 1,66,426, டூ-டென் ஹார்ட்டாப் 22,631.

அரிதாக இருந்தும் டூ-டென்னுக்கு மவுசு இல்லை. புதுப்பிப்பவர்கள் பலர் அதற்கு பெல் ஏரின் நகைகளைப் பூட்டிவிடுகிறார்கள். அந்த நகைகள் இன்றும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. ஆனால் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் உள்ள எண் தகடு உண்மையைச் சொல்லிவிடும். வி-8 எஞ்சின் உள்ள பெல் ஏரின் எண் 'விசி' என்று தொடங்கும். டூ-டென்னின் எண் 'விபி' என்று தொடங்கும்.

வாங்குபவரிடம் மறைத்தால் இது மோசடி. சொல்லிவிட்டுச் செய்தாலும் நஷ்டம் நஷ்டம்தான். ஏராளமாக இருக்கும் பெல் ஏரில் இன்னொன்று கூடுகிறது. நூறு டாலரை எண்ணிப் பார்த்து, பளபளப்பு வேண்டாம் என்று முடிவு செய்த ஒரு குடும்பத்தின் அடையாளம் அழிகிறது. சரித்திரத்தில் ஆடம்பரத்துக்குச் சாட்சிகள் நிறைய உண்டு. சிக்கனத்துக்குத்தான் ஆள் இல்லை.