பிசிறு

காரவள்ளியிலிருந்து கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, செம்மேட்டில் ஒரு தேநீர் குடித்துவிட்டுப் பெரக்கரை நாட்டுக்குப் போனேன். வழியெல்லாம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள், வீட்டுக்கு வீடு பலா. பட்டறையும் ஒரு பலா மரத்தடியில்தான் இருந்தது. ஆசாரி ஒரு பலாக் கதவைக் கிடத்தி வைத்திருந்தார். புதிதாக இழைத்த பலகை அரைத்த மஞ்சளின் நிறத்தில் இருந்தது. வருடங்கள் போகப்போகத்தான் அது பழுப்பேறும்.

“தடவிப் பாருங்க” என்றார். வழவழப்பாகப் போய்க்கொண்டிருந்த விரலில் ஓரிடத்தில் செதில் தட்டியது. பலாவில் நார் ஒரே பக்கமாக ஓடுவதில்லை. ஓர் அடுக்கு இப்படிச் சாய்ந்தால் அடுத்தது எதிர்ப்பக்கம் சாயும். இழைப்புளியை எந்தப் பக்கம் தள்ளினாலும் எங்கோ ஓரிடத்தில் நாரைப் பிய்த்துவிடும். அதற்குத்தான் பலரும் உப்புத்தாளை எடுக்கிறார்கள். இவர் எடுத்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு. பழைய கை ரம்பத்திலிருந்து வெட்டியது.

கட்டைவிரல்களால் நடுவில் அழுத்தி, தகட்டை லேசாக வளைத்து, முன்பக்கம் சாய்த்துத் தள்ளினார். வெங்காயச் சருகு போலச் சுருள் சுருளாக வந்தது. செதில் இருந்த இடம் தெரியவில்லை.

எந்த ரம்பமும் ஆகுமா என்று கேட்டேன். தகட்டை வளைத்து விட்டுக் காட்டினார். சட்டென நிமிர்ந்துகொண்டது. வல்வில் ஓரி ஆண்ட மலையில் ஆசாரியும் வில்லைத்தான் பார்க்கிறார். வளைத்தால் வளைந்தபடியே கிடக்கும் தகரம் உதவாது. அரம் பிடிக்காமல் வழுக்கும் இரும்பறுக்கும் பிளேடும் உதவாது. அவ்வளவு கடினமான எஃகில் பிசிறு திரும்பாது. அரம் சற்று முரண்டு பிடித்து, ஆனால் கடிக்க வேண்டும். கனம் 0.8 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் பெரும்பாலான வேலைக்குப் போதும். குழிவுக்கும் வளைவுக்கும் இன்னும் மெல்லியது. கிரைண்டரில் வெட்டும்போது ஓரம் நீலம் பாரித்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அவ்வளவையும் அராவித் தள்ளிவிடுகிறார்.

சாணை பிடிப்பதைப் பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். தகட்டை வைஸில் இறுக்கி, ஓரத்தை அரத்தால் நேர் சதுரமாக அராவினார். பிறகு எண்ணெய்க் கல்லில் ஓரத்தையும் இரண்டு முகங்களையும் தேய்த்தார். இதுவரை உளிக்குச் செய்வதுபோலத்தான். அடுத்து ஒரு பழைய லாரி எஞ்சினின் வால்வுத் தண்டை எடுத்தார். தகட்டைவிடக் கடினமானது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஓரத்தின் மேல் முதலில் மட்டமாகவும், பிறகு துளி சாய்த்தும் நாலைந்து முறை இழுத்தார். ஓரத்து எஃகு நசுங்கி வெளியே மடிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கொக்கிதான் பிசிறு. மரத்தைச் சீவுவது அதுதான்.

நான் இழுத்த தகட்டிலிருந்து தூள்தான் வந்தது. “அழுத்திட்டீங்க தம்பி. பிசிறு சுருண்டு படுத்துருச்சு. அராவுங்க, முதல்ல இருந்து.” மூன்றாவது முறை சுருள் வந்தபோது கட்டைவிரல் சுட்டது. உரசலில் தகடு அவ்வளவு சூடாகிறது.

இந்தத் தகட்டின் மேல் எனக்குப் பிரியம் வருவதற்கு மரத்தூளும் ஒரு காரணம். மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995இலேயே வகைப்படுத்திவிட்டது. ஆனாலும் எத்தனையோ பட்டறைகளில் பதினெட்டு வயதுப் பையன்கள் முகத்தில் ஒரு கைக்குட்டைகூட இல்லாமல் சாண்டர் மெஷினைப் பிடித்து நிற்கிறார்கள். தகடு எல்லா வேலைக்கும் ஆகாது. ஆனால் அது எடுக்கும் சுருள் நுரையீரலுக்குள் போகாமல் தரையில் விழுகிறது. கூலி கொடுப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆசாரி கதவின் மேல் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தார். நார் சிலிர்த்து எழுந்தது. காயட்டும் என்று விட்டுவிட்டு, காத்திருந்த நேரத்தில் தகட்டின் மறு ஓரத்தை வைஸில் வைத்து அராவத் தொடங்கினார்.