பேனா கட்சியும் தோசைத்திருப்பி கட்சியும்

குரோஷா போடறவங்கள்ல ரெண்டு கட்சி உண்டு. ஊசியைப் பேனா மாதிரி பிடிக்கிறவங்க ஒரு கட்சி. இன்னொண்ணை வெள்ளைக்காரங்க 'கத்திப் பிடி'ம்பாங்க. அரிவாள்மனையில காய் நறுக்கி வளர்ந்த நமக்கு அது சட்டுனு விளங்காது. அதனால நான் வச்ச பேரு தோசைத்திருப்பிப் பிடி. உள்ளங்கைக்குள்ள காம்பு, மேலே ஆள்காட்டி விரல், மணிக்கட்டைத் திருப்பினா வேலை முடிஞ்சுது. நான் இந்தக் கட்சி. கும்மிடிப்பூண்டி லோக்கல்ல மீஞ்சூர் தாண்டி கூட்டம் குறைஞ்சதும் ஊசியை எடுத்தேன்னா, எதிர் சீட்டுலேர்ந்து "இப்படியாம்மா பிடிப்பாங்க?"ன்னு ஒரு குரல் வராம பொன்னேரி வந்ததில்லை :-)

எது சரி? தெரேஸ் தெ தில்மோன் 1886-ல் போட்ட கைவேலைக் கலைக்களஞ்சியம் பேனாப் பிடியைத்தான் சொல்லுது. அதுல நியாயம் இருக்கு. அந்தக் காலத்துச் சீமாட்டிகள் போட்டதெல்லாம் மெல்லிசு நூல்ல, மெல்லிசு ஸ்டீல் ஊசியால. அதை விரல் நுனியில உருட்டுறதுதான் வசதி. அதே மாதிரி பிடிச்சுக்கிட்டு ஆறு மில்லிமீட்டர் ஊசியில தடி கம்பளி நூலைப் போட்டுப் பாருங்க, அரை மணி நேரத்துல விரல் கெஞ்சும். நூலுக்கு ஏத்த பிடி, அவ்வளவுதான்.

என்னைக் கேட்டா, இந்தச் சண்டையே தப்பான கையைப் பத்தி நடக்குது. துணியோட தலையெழுத்து ஊசி பிடிக்கிற கையில இல்லை, நூல் பிடிக்கிற கையில இருக்கு. வழக்கமா நூலைச் சுண்டு விரல்ல ஒரு சுத்து சுத்தி, நடு ரெண்டு விரலுக்கு அடியில விட்டு, ஆள்காட்டி விரல் மேல ஏத்துவோம். அந்த விரல் கரண்டுக் கம்பம் மாதிரி விறைப்பா நிக்கணும். கட்டை விரலும் நடு விரலும் போட்ட துணியைக் கவ்விப் பிடிச்சுக்கும். கம்பம் தளர்ந்தா தையல் பெரிசாகும், இழுத்துப் பிடிச்சா சுருங்கும். ஒரே நூல், ஒரே ஊசி, ஒரே பேட்டர்ன், ஆனா என் சதுரமும் உங்க சதுரமும் ஒட்டாது. 2016 ஜனவரி 31-ல் சென்னையில 'மதர் இந்தியா'ஸ் குரோஷே குயீன்ஸ்' பெண்கள் 11,148.5 சதுர மீட்டர் போர்வை பண்ணி கின்னஸ்ல ஏறினாங்களே, அதுல எனக்கு ஆச்சரியம் அந்தப் பரப்பளவு இல்லை. அத்தனை பேரோட நூல் கைகள் போட்டதை ஒண்ணா இணைச்சாங்களே, அதுதான்.

இதெல்லாம் எனக்கு உறைச்சது எதிர் வீட்டு அக்காவால. நரசாப்பூர் பக்கத்துலேர்ந்து கல்யாணமாகி கும்மிடிப்பூண்டிக்கு வந்தவங்க. இங்கேருந்து கூப்பிடு தூரத்துல ஆந்திரா, அதனால தெலுங்கு யாருக்கும் புதுசு இல்லை. அவங்க ஊர்ல 'லேசு அல்லிக' சோறு போடுற தொழில். பாதிரிமார் குடும்பங்கள் வழியா பத்தொன்பதாம் நூற்றாண்டுல வந்தது. 2024-ல் புவிசார் குறியீடு கூட கிடைச்சுது. மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் அம்மா இவங்களைப் பத்தி 1982-ல் புத்தகமே போட்டாங்க. நாள் பூரா உக்காந்து வெளிநாட்டுச் சந்தைக்குப் பின்னுறாங்க, ஆனா ஊர் அதை 'வீட்டுப் பொம்பளைங்க பொழுதுபோக்கு'ன்னு சொல்லியே கூலியைக் குறைக்குதுன்னு எழுதினாங்க. அக்காகிட்ட சொன்னேன். "இதுக்கு ஜெர்மனியிலேர்ந்து வரணுமா? எங்கம்மாவைக் கேட்டா சொல்லியிருக்கும்"னாங்க.

அக்கா பேனா கட்சி. எட்டு வருஷம் முன்னாடி சிப்காட்ல ஒரு கம்பெனியில (பேர் வேணாம்) காண்ட்ராக்ட்ல பவர் பிரஸ் வேலை. ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அமுக்கினாத்தான் பிரஸ் இறங்கணும். கை உள்ள போகாம இருக்கத்தான் அந்த ஏற்பாடு. வேகமா ஆகணும்னு ஒரு பட்டனை எப்பவும் அமுங்கியே இருக்கிற மாதிரி கட்டி வச்சிருந்தாங்க. இடது ஆள்காட்டி விரல்ல மேல் கணு போயிடுச்சு.

"ஒரு கணுதானேம்மா, அதுவும் இடது கை"ன்னு சூப்பர்வைசர் ஆறுதல் சொன்னாராம். 1923-ஆம் வருஷ இழப்பீட்டுச் சட்டத்து அட்டவணையும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்லிச்சு. ஆள்காட்டி விரல் முழுசா போனா 14 சதவீதம், ரெண்டு கணுன்னா 11, ஒரு கணுன்னா 9. வலது இடது வித்தியாசம் கிடையாது. பிரஸ் வேலைக்கு அந்தக் கணக்கு சரியா இருக்கலாம். லேசு போடறவளுக்கு அந்த ஒரு கணுதான் கரண்டுக் கம்பம். நூலை ஏத்தினா வழுக்கி விழுந்துடும். காயம் ஆறின நுனியில நூல் உரசினாலே சுரீர்னு அடிக்கும். ஒரு வருஷம் ஊசியையே தொடலை.

அப்புறம் அவங்களே ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நூலை நடு விரல் மேல ஏத்தி அதைக் கம்பமாக்கினாங்க. குட்டையான ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் இப்ப துணியைக் கவ்வுற வேலை பார்க்குது. பத்து விரலும் நல்லா இருக்கிறவங்களே நிறைய பேர் இப்படித்தான் பிடிக்கிறாங்கன்னு யூட்யூப்ல காட்டினேன். "அப்ப நான் ஒண்ணும் புதுசா கண்டுபிடிக்கலையா"ன்னு கொஞ்சம் ஏமாந்துதான் போனாங்க.

விபத்துக்கு முன்னாடி பாதி போட்டு வச்ச டேபிள் விரிப்பு ஒண்ணு இருந்தது. புதுப் பிடியில தையல் தளர்ந்து வந்துச்சு. பழைய பாதியைப் பிரிச்சிட்டு முதல்லேர்ந்து போடலாமேன்னேன். முறைச்சாங்க. நாலு மாச வேலையாச்சே. 1.25 ஊசியை வச்சிட்டு 1.00 ஊசி வாங்கினாங்க. தளர்ந்த கைக்குச் சின்ன ஊசின்னு கணக்கு சரியாப் போச்சு. ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சா மட்டும் நடுவுல ஒரு பத்து வரிசை கொஞ்சம் கலகலன்னு தெரியும். அந்த விரிப்பை அவங்க விக்கலை.

இப்ப பொண்ணுக்குச் சொல்லிக் கொடுக்குறாங்க. அது இடதுகைக்காரி. இடதுகைப் பிள்ளையைப் பக்கத்துல உக்கார வைக்கக் கூடாது, எதிர்ல உக்கார வைக்கணும். கண்ணாடி பார்க்கிற மாதிரி தானா வந்துடும். போன ஞாயித்துக்கிழமை பார்த்தேன், வலது கையில நூலை ஏத்திக்கிட்டு வேகமாத்தான் போடுது. அதோட ஆள்காட்டி விரல் முழுசா நல்லா இருக்கு. ஆனா நூல் நடு விரல் மேலதான் போகுது.