பூத்தால் ஆகாதாம்!

அத்திப்பட்டு,
தை மாதம்.

அன்பு ராஜாத்தி,

உன் மாமியார் சொன்னதைப் படித்துவிட்டு முதலில் சிரித்தேன், அப்புறம் கோபம் வந்தது. கற்றாழை பூத்தால் வீட்டுக்கு ஆகாது, செடியும் செத்துவிடும், பிடுங்கிப் போடு என்றாராமே? பிடுங்காதேடி. செவ்வாய், வெள்ளியில் செடியில் கை வைக்கக் கூடாது என்று சொல்லு, வாரத்தில் இரண்டு நாள் தப்பிக்கும். மீதி நாளுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டு.

இந்தப் பழி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். தண்டவாளத்து ஓரம் வேலியாக நட்டிருப்பார்களே, நுனியில் ஊசியோடு ஆள் உயரத்துக்கு, அந்த ரயில் கற்றாழை செய்த வேலை அது. மெக்சிகோ பக்கத்துச் செடி. பல வருஷம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு நாள் நட்ட நடுக் குருத்திலிருந்து ராட்சசத் தண்டு ஒன்றைக் கிளப்பும். சேர்த்து வைத்த சத்தையெல்லாம் அதில் கொட்டிவிட்டுச் சாகும். நம் சோற்றுக் கற்றாழை அந்த இனமே இல்லை, பிறந்த மண் அரேபியா. இதன் தண்டு இலை இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும், இரண்டு மூன்று அடி வளரும், மஞ்சள் குழல்களாகக் கீழிருந்து மேலே வரிசையாக மலரும். பூ முடிந்ததும் தண்டு மட்டும்தான் காயும். செடி பாட்டுக்குக் குட்டி போட்டுக்கொண்டு இருக்கும்.

இன்னொன்றும் அவரிடம் கேள். சுளுக்குக்குப் பற்றுப் போட டப்பாவில் மூசாம்பரம் வைத்திருக்கிறாரே, அது எதிலிருந்து வருகிறதாம்? கற்றாழை இலையை வெட்டினால் வடிகிற மஞ்சள் பாலைக் காய்ச்சி இறுக்கினதுதான் அது. பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கவும் அதைத்தான் தடவியிருப்பார். அவ்வளவுக்கும் ஆகும், பூத்தால் மட்டும் ஆகாதா?

எங்கள் தெருவில் கதை நேர் எதிர். எதிர்வீட்டு அக்கா திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்த கற்றாழை, மண்ணும் தண்ணீரும் இல்லாமலேயே மார்கழியில் பூந்தண்டு விட்டுவிட்டது. தண்டு கீழே தொங்கவில்லையடி, வளைந்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்துகொண்டது! தெருவே வந்து பார்த்தது. குங்குமம் வைத்தார்கள், ஒருத்தி சூடம் காட்டினாள். மேல்வீட்டு டீச்சர் மட்டும் நின்று விளக்கம் சொன்னார்: இந்தச் செடி வெயில் நேரத்தில் இலைத் துளைகளை மூடிக்கொள்ளும், ராத்திரியில்தான் திறந்து காற்றை உள்ளே வாங்கும், அதனால் இலைக்குள் இருக்கிற நீர் லேசில் வற்றாது என்று. அக்கா காதில் ஏறுமா? அந்த வாரமே மகளுக்கு மீஞ்சூரிலிருந்து வரன் வந்துவிட்டது. டீச்சர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ.

அத்திப்பட்டில் என்னடி தோட்டம் என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். ஊர்ப் பேரைச் சொன்னாலே 'சிட்டிசன் படத்தில் காணாமல் போன ஊரா?' என்கிறார்கள். அது அத்திப்பட்டி, இது அத்திப்பட்டு. கும்மிடிப்பூண்டி ரயில் ஏறினால் எண்ணூருக்கு அடுத்து புதுநகர், அதற்கடுத்து நாங்கள், இருந்த இடத்திலேயே இருக்கிறோம். ஆனால் வெள்ளைத் துணி காயப்போட யோசிக்கிற ஊர்தான். காலையில் கைப்பிடிச் சுவரில் விரலை வைத்தால் அனல்மின் நிலையச் சாம்பல் ஒட்டும். தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிவிட்டது என்று 1960களின் கடைசியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். 2010ல் காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளைக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது, அது சென்னைக்கு. எங்கள் போர் தண்ணீரில் ரோஜா வைத்தால் இலை ஓரம் கருகிப்போகும். கற்றாழை அந்த உப்பைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சாம்பல் படிந்தால் மட்டும் நான் குழாயை இலை மேல் ஒரு தடவை பீய்ச்சி விடுவேன், குருத்தில் நீர் தேங்காமல்.

பூக்க வைப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். கெடுக்காமல் இருந்தால் போதும். காசிமேட்டிலிருந்து மீன் வருகிற தெர்மாகோல் பெட்டிதான் என் தொட்டி. அடியில் ஓட்டை போட்டு, செங்கல் உடைசல் பரப்பி, செம்மண்ணில் பாதிக்குப் பாதி மணல் கலந்து நிரப்புவேன். மீன் கழுவின தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்று, இதற்கு வேண்டாம். சத்து அதிகமானால் இலை கொழுக்கும், பூ வராது, தெருப் பூனையெல்லாம் பெட்டியைக் கிண்டும். குட்டியாக நட்ட செடி பூக்க மூன்று நான்கு வருஷம் ஆகும். நல்ல வெயில் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் இலை செம்மண் நிறத்துக்கு மாறினால் பயந்து தண்ணீரைக் கொட்டாதே, கொஞ்சம் நிழல் கிடைத்தால் மறுபடி பச்சையாகும். இதற்கு எமன் வெயில் இல்லை, ஐப்பசி கார்த்திகை மழைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தரையில் இருந்த பெட்டிகளில் வேர் அழுகிவிட்டது; மாடிப்படியில், சன்ஷேடுக்கு அடியில் இருந்தவை பிழைத்தன. மழை விட்டு ராத்திரி கொஞ்சம் குளிர ஆரம்பித்ததும் தண்டு தலைகாட்டும். அப்புறம் தேன்சிட்டு வரும். இத்தனூண்டு இருந்துகொண்டு காலை ஆறு மணிக்கே என்ன அதிகாரம் பண்ணுகிறது தெரியுமா!

டீச்சர் வேறொரு வம்பும் சொன்னார். 1768 ஏப்ரலில் நிக்கோலாஸ் பர்மன் என்ற டச்சுக்காரர் இந்தியச் செடிகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டு, அதில் சோற்றுக் கற்றாழைக்கு 'அலோ வேரா' என்று பேர் வைத்தார். அதே மாதம் லண்டனில் பிலிப் மில்லர் என்கிற தோட்டக்காரர் 'அலோ பார்படென்சிஸ்' என்று வைத்தார். பர்மன் பத்து நாள் முந்திவிட்டதால் அவர் வைத்த பேர்தான் செல்லும். ஆனாலும் உன் ஷாம்பு பாட்டிலின் பின்பக்கம் திருப்பிப் பார், தோற்றவர் பேரைத்தான் இன்னும் போட்டிருப்பார்கள்.

சிவப்புப் பூ விடுகிற ஆப்பிரிக்க ஜாதிச் செடி ஆன்லைனில் கிடைக்கிறதாம், வாங்கலாமா என்றாயே, எனக்கு மனசில்லை. கற்றாழை இனத்தில் 500க்கு மேல் வகை இருக்கிறது. சோற்றுக் கற்றாழையைத் தவிர எல்லாமே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருப்பவை. எங்கிருந்து எப்படி வந்தது என்று விற்கிறவன் சொல்லமாட்டான். 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே யோசிக்கிற எங்கள் தை மாசத்தை நம்பி, பூக்கக் குளிர் கேட்கிற அதற்குக் காசு போடுவானேன்? ஊட்டியில் இருக்கிறவர்கள் வளர்க்கட்டும். உனக்கு ஆசை அடங்கவில்லை என்றால் காஸ்டீரியா வாங்கு. ஜன்னலோர நிழலிலேயே வயிறு உப்பின குட்டிக் குட்டி ரோஸ் பூவாக விடும்.

அடுத்த வாரம் உன் தம்பி இந்தப் பக்கம் வருகிறானாம். செய்தித்தாளில் சுற்றிக் குட்டிகள் கொடுத்தனுப்புகிறேன். வந்ததும் நடாதே, வெட்டுவாய் காய்கிறவரை நிழலில் போட்டு வை. நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் காட்டாதே. கூடவே தூக்குச் சட்டியில் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் வரும். சட்டியை அவனிடமே திருப்பி அனுப்பு, போன தடவை கொடுத்தது இன்னும் உன் அலமாரியில்தான் இருக்கிறது. மீஞ்சூர் மாப்பிள்ளையைப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது, எழுத்தில் வேண்டாம், போன் பண்ணு.

உன்
பழைய பெஞ்சுக்காரி