இன்னீனுக்கு ஓர் ஆண்டு தவணை

மதரஸாவில் நிக்காஹ் சட்டப் பாடத்தில் 'இன்னீன்' என்னும் சொல் வந்தவுடன் மாணவர்கள் தலைகுனிந்து கொள்வார்கள். இல்லற உறவில் இயலாமையுள்ள கணவனை ஃபிக்ஹ் நூல்கள் அச்சொல்லால் குறிக்கின்றன. மனைவி முறையிட்டால் காழி அவனுக்கு ஓர் ஆண்டு தவணை அளிப்பார். நான்கு பருவங்களும் கடந்தால் நோய் குணமாகக் கூடும் என்பது அறிஞர்கள் கூறும் காரணம். நம் நாட்டின் 1939ஆம் ஆண்டு முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமும், கணவன் விண்ணப்பித்தால், இதே ஓர் ஆண்டை வழங்குகிறது. தவணை தருவதென்றால், மருந்துக்கு இடமுள்ள நோய் என்றுதானே பொருள்?

ரிஃபாஆ (ரலி) அவர்களின் முன்னாள் மனைவி, தம் இரண்டாம் கணவரைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடமே ஆடையின் நுனியைக் காட்டி முறையிட்டார். வாசலில் நின்ற காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களுக்குப் பொறுக்கவில்லை. நபியவர்களோ புன்னகைத்தார்கள்.

நாமோ மருத்துவரிடம் கூட வாய் திறப்பதில்லை. பனமலையிலிருந்து செஞ்சி செல்லும் வழியில், லாட்ஜில் தங்கி 'ஆண்மைக் குறைவு' தீர்ப்போரின் சுவரொட்டிகளைக் காண்கிறேன். இவ்வகை மருந்து விளம்பரங்களை 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. பசைக்கு அது தெரியாது போலும்! மூலிகை என்று விற்கப்படும் சிலவற்றில் சில்டெனாஃபில் ஒளிந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை பலமுறை கண்டறிந்துள்ளது.

நெஞ்சுவலிக்கென ஆராயப்பட்ட சில்டெனாஃபில், 1998இல் இக்குறைக்கான மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ஆசையை உண்டாக்காது; ஆசை எழும்போது இரத்த ஓட்டத்திற்கு உதவும். ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னர் உட்கொள்வர். வயிறு நிறையப் பிரியாணி உண்டிருந்தால் தாமதமாகும். டாடலாஃபில் 36 மணி நேரம் வரை பயன் தரும். இரண்டுக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும்.

சென்ற ஆண்டு, மாணவன் ஒருவனின் அத்தா இஷாவுக்குப் பின் தயங்கி நின்றார். நண்பர் தந்த மாத்திரை ஒன்று கையில். "இது ஆகுமானதா ஹஜ்ரத்?"

"நெஞ்சு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறீர்களா, பாய்?"

சட்டைப் பையிலிருந்து சார்பிட்ரேட்டை எடுத்துக் காட்டினார். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை. எனக்கு உடல் நடுங்கிற்று. அவ்விரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சரியலாம். சீட்டு கேட்பது இதற்காகத்தான். சர்க்கரை நோயோ, இதயக் குழாய் அடைப்போ முதலில் இக்குறையாகவே தலைகாட்டுவதும் உண்டு. மருத்துவர் அவற்றையும் பார்ப்பார்.

சிகிச்சை ஆகுமானது, இந்த மாத்திரை உங்களுக்கு ஆகாது என்றேன். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு மனைவியையும் அழைத்துச் செல்லச் சொன்னேன்.

"அவளையுமா?"

"தவணை கொடுத்துக் காத்திருப்பவர் அவர்தானே, பாய்?"

அடுத்த வாரம் இருவரும் பேருந்து ஏறினர்.