புகைபோக்கிக்கு உள்குழாய்: தேர்வும் கூலியும்

பிரிட்டனில் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளின் கூரைமேல் நிற்கும் செங்கல் தூண்களில் நாலைந்து மண்குழல்கள் சேர்ந்தாற்போல் தெரியும். ஒவ்வொரு குழலும் ஓர் அறையின் கணப்படுப்புக்கு உரியது. கீழ்த்தளத்துப் புகைவழி மாடி அறையின் அடுப்பைச் சுற்றிக்கொண்டு மேலேற வேண்டியிருப்பதால் நேராகப் போகும் வழி அபூர்வம். அடுத்தடுத்த இரண்டு வழிகளுக்கு நடுவே பெரும்பாலும் அரைச்செங்கல் தடுப்புதான் இருக்கும். கனம் சுமார் 4 அங்குலம். உட்புறத்தில் சுண்ணாம்புக் காரை பூசியிருப்பார்கள். அந்தக் காரையில் சாணம் கலப்பதும் அக்காலக் கொத்தனார்களிடம் இருந்த பழக்கமே. புதிதாகக் கட்டும் புகைபோக்கிக்குள் உள்குழாய் இருக்க வேண்டும் என்று 1965ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் சொல்லும்வரை இந்தப் பூச்சைத் தவிர வேறு காப்பு கிடையாது.

பூச்சு கெடுவது புகையால் மட்டுமல்ல, ஈரத்தாலும்தான். மேலே போகப் போகப் புகை குளிர்ந்து, அதிலுள்ள நீராவி சுவரில் வியர்க்கிறது. நிலக்கரியின் கந்தகமும் விறகின் அமிலமும் அந்த ஈரத்தில் கரைந்து காரையை அரிக்கின்றன. அடுப்படியில் மணல் மணலாக உதிர்வது முதல் அறிகுறி. மாடிச் சுவரின் காகிதத்தில் பழுப்புக் கறை படர்வதும், நெருப்பே மூட்டாத அறையில் புகை வாடை வீசுவதும் அடுத்த கட்டம். வாடை வந்தால் எச்சரிக்கையாவது கிடைக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே இல்லை. விரிசல் வழியாக மேல்மாடிப் படுக்கையறைக்கோ, பொதுச்சுவருக்கு அப்பாலிருக்கும் பக்கத்து வீட்டுக்கோ அது போய்விடும்.

இந்த அறிகுறிகளைக் கண்டதும் உள்குழாய் விற்பவரைக் கூப்பிடுவதுதான் பலர் செய்வது. முதலில் வர வேண்டியவர் புகைபோக்கி துடைப்பவர். கரியும் தாரும் போன பிறகே சுவரின் உண்மை நிலை கேமராவுக்குத் தெரியும். அதன்பின் புகைச் சோதனை: கீழே புகைவில்லையைக் கொளுத்தி, புகை உச்சிக்கு வந்ததும் மேல்வாயை அடைத்துவிட்டு, ஒருவர் அறை அறையாகப் போய்ப் பார்ப்பார். பக்கத்து வீட்டார் இடம் கொடுத்தால் அங்கும் போவார். கசிவில்லாத பழைய புகைவழியை, அளவும் பொருந்தினால், அப்படியே பயன்படுத்தலாம்; வழி பழையது என்பதற்காகவே குழாய் போட வேண்டியதில்லை. ஆகவே குழாய் விற்பனையில் லாபம் இல்லாத ஒருவரிடம் சோதனையைக் கொடுப்பது நல்லது. வசந்தகாலத்தில் இன்னொரு தடையும் உண்டு. ஜாக்டா என்னும் சிறு காகம் புகைபோக்கிக்குள் சுள்ளிகளை அடைத்துக் கூடு கட்டும். பறவை குடியிருக்கும் கூட்டைக் கலைப்பதை 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் தடுப்பதால், குஞ்சுகள் பறந்துபோகும்வரை வேலை நிற்க வேண்டியதுதான்.

இப்போது கேமரா இறங்கும் இதே வழிகளில் ஒரு காலத்தில் கரி துடைக்கச் சிறுவர்கள் ஏறினார்கள். 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனையின் புகைவழியில் சிக்கிய ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்த பிறகுதான், ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அந்த வழக்கத்துக்கு உண்மையில் முடிவுகட்டிய சட்டம் வந்தது. அதற்கு முன்னும் சட்டங்கள் இருந்தன, யாரும் மதிக்கவில்லை.

குழாய் வேண்டும் என்று உறுதியானால், எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது கீழே எரியப்போவதுதான். கதவு வைத்த இரும்பு விறகடுப்புக்கு 125 அல்லது 150 மில்லிமீட்டர் குழாய் போதும். திறந்த கணப்புக்குக் குறைந்தது 200 தேவை. அடுப்பின் வாய் பெரிதானால் அந்த வாயின் பரப்பில் 15 சதவீதம் அளவுக்குப் புகைவழி இருக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கிடைத்த குழாயைச் செருகினால் புகை அறைக்குள்ளேயே திரும்பும். லண்டனின் பெரும்பகுதி புகைக் கட்டுப்பாட்டுப் பகுதி என்பதால் அங்கே திறந்த கணப்பில் விறகு எரிக்க முடியாது. அதனால்தான் நகரத்தில் நடக்கும் வேலைகளில் பெரும்பாலானவை விறகடுப்புக்கு எஃகுக் குழாய் போடும் வேலைகள்.

வளையக்கூடிய இந்த எஃகுக் குழாய்க்கு இரண்டு தோல். விறகுக்கு மட்டுமென்றால் 316 தர எஃகு. நிலக்கரி வகை எரிபொருளும் போடுவதானால் அரிப்பைத் தாங்கும் 904. வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். சுருளாக வந்த குழாயைச் சாரத்தின்மேல் நிற்பவர் உச்சியிலிருந்து இறக்குகிறார். அதன் நுனியில் கூம்பு மாட்டிக் கயிறு கட்டியிருக்கும். கீழே அடுப்படியில் மண்டியிட்டிருப்பவர் கயிற்றை இழுக்கிறார். வளைவில் குழாய் முட்டி நின்றால் கீழிருப்பவர் புகைவழிக்குள்ளேயே குரல் கொடுப்பார். மேலிருப்பவர் குழாயைச் சற்றே தூக்கித் திருப்பி மறுபடி விடுவார். மிஞ்சிய பலத்தோடு இழுத்தால் மடிப்புப் பிரிந்துவிடும், பிரிந்ததும் வெளியே தெரியாது. குழாயின்மேல் ஓர் அம்புக்குறி அச்சிட்டிருக்கும். அது மேல்நோக்கி இருக்க வேண்டும். தலைகீழாகப் போனால் உள்தோலின் மடிப்புகள் வழிந்துவரும் தாரை ஏந்திப் பிடித்துக்கொள்ளும். குழாய் நின்றதும் உச்சியில் தகடும் தொப்பியும், கீழே மூடுதகடும் பொருத்துவார்கள். சுற்றியுள்ள இடைவெளியில் வெர்மிகுலைட் நிரப்பினால் புகை சூடு குறையாமல் மேலேறும், தார் படிவதும் குறையும்.

திறந்த கணப்புக்குப் பெரும்பாலும் வார்ப்பு அல்லது கட்டிக் குழாய். வார்ப்பில், நீண்ட ரப்பர் பையைப் புகைவழிக்குள் தொங்கவிட்டுக் காற்றடைத்து, சுற்றிலும் இலகுவான கான்கிரீட்டைச் செலுத்துகிறார்கள். அது இறுகியதும் காற்றைப் பிடுங்கிப் பையை உருவிவிட்டால் வழவழப்பான வழி மிஞ்சும். தளர்ந்த செங்கல்லையும் அது பிடித்து நிறுத்தும். ஆனால் ஒருமுறை வார்த்ததை எடுக்க முடியாது. சுட்ட மண் அல்லது பியூமிஸ் கட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் முறையில் வளைவுள்ள இடங்களில் சுவரை உடைத்துத் திறக்க வேண்டும். பூச்சுக்காரருக்கும் வண்ணக்காரருக்கும் பின்னால் தரவேண்டியதை இந்த விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

எஃகுக் குழாய் மலிவு, வார்ப்பு பொதுவாக அதைவிட மிக அதிகம். ஆனாலும் கணக்கைக் குலைப்பது பல வேளைகளில் சாரம்தான். சாரம் ஏறும்போதே உச்சியின் உடைந்த காரையையும் ஈயத்தகட்டையும் சரிசெய்யாதவர்கள் அதே சாரத்துக்கு இரண்டாம் முறை பணம் கட்டுகிறார்கள். எழுதித் தரும் விலையில் துடைத்தல், பழைய குழாயை அகற்றுதல், சாரம், நிரப்புப்பொருள், மூடுதகடு, சான்றிதழ், 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி எல்லாம் தனித்தனியே தெரிய வேண்டும். வெறும் எஸ்டிமேட் தோராயம்தான். ஒப்புக்கொண்ட கொட்டேஷனோ மாற்ற முடியாத விலை.

வேலை முடிந்தபின் உள்ளே என்ன நடந்தது என்று வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆகவே கடைசித் தவணையைக் கேமராப் பதிவும் சோதனை முடிவும் கைக்கு வந்த பிறகு தருவதாக முன்பே எழுதிக்கொள்வதில் தவறில்லை. நேர்மையான தொழிலாளி இதற்கு முகம் சுளிப்பதில்லை. முன்பணத்தைக் கடன் அட்டையில் கட்டுவது புத்தி. வேலையின் விலை 100 பவுண்டுக்குமேல் 30,000 பவுண்டுக்குள் இருந்தால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவுப்படி வங்கிக்கும் பொறுப்பு உண்டு. வீட்டில் வைத்துக் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாளுக்குள் ரத்து செய்யலாம்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இது அறிவிக்கவேண்டிய வேலை. ஹீட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவானவர் தாமே சான்றளிப்பார். மற்றவரிடம் கொடுத்தால் உள்ளூராட்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கட்டணமும் கட்ட வேண்டும். குழாயின் வகை, விட்டம், பொருத்திய தேதி எழுதிய சிறு தகட்டை அடுப்பருகிலோ மின்மீட்டர் பக்கத்திலோ பதிப்பது விதி. வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.