கொய்யாவும் தனியாவும் மணக்கும் வெள்ளை ஒயின்

கோரிமேடு, புதுச்சேரி

அன்புள்ள முருகேசன்,

திண்டிவனம் சாலை புதுச்சேரியை விட்டு வெளியேறும் முனையில், ஜிப்மர் மருத்துவமனையை ஒட்டிய கோரிமேட்டிலிருந்து எழுதுகிறேன். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊர். ஒயின் இங்கே புதுச்சரக்கு அல்ல. ஆனால் வாசனை மிகுந்த வெள்ளை ஒயினை விவரிக்கும்போது மட்டும் எல்டர் பூ, கூஸ்பெரி, ஹனிசக்கிள் என்று நம் மூக்கு அறியாத பெயர்களே வந்து விழுகின்றன. இது வீண் வேலை என்பது என் எண்ணம். நம் அடுப்படியிலும் பூக்கடையிலும் உள்ளவற்றைக் கொண்டே அந்த மணத்தைச் சொல்லலாம். அப்படிச் சொன்னால்தான் சரியாகவும் இருக்கும்.

காரணம் வேதியியலில் இருக்கிறது. மஸ்கட் திராட்சையின் மணத்துக்கு லினலூல், ஜெரானியால் போன்ற பொருள்கள் காரணம். தனியாவை இடித்தால் எழும் வாசனையில் பெரும்பங்கு லினலூல்தான். மல்லிகையிலும் அது உண்டு. ஜெரானியால் ரோஜாவில் இருப்பது. அல்சாஸ் பகுதியின் கெவுர்ஸ்ட்ராமினரில் லிச்சி மணக்கிறது என்றால் அது கற்பனை இல்லை, ரோஸ் ஆக்ஸைடு என்ற ஒரே பொருள் இரண்டிலும் இருக்கிறது. 2000-லிருந்து நாசிக்கில் சுலா நிறுவனம் தயாரித்துவரும் சோவின்யோன் பிளாங் வகையைப் பார். அந்த ஒயினுக்கு மணம் தரும் கந்தகச் சேர்மங்களில் சில கொய்யாவிலும் உண்டு. பச்சை வாடை தருகிற பைரசின் குடைமிளகாயில் இருப்பது. பழுத்த கொய்யா என்று சொன்னால் நம்மவர்க்கு உடனே பிடிபடும். கூஸ்பெரி என்றால் யாருக்கு என்ன தெரியும்?

இதெல்லாம் மனப்பிரமை என்பார்கள். 2001-இல் வெளியான போர்தோ ஆய்வைக் காட்டுவார்கள்: வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்ததும், ஒயின் படிக்கும் 54 மாணவர்கள் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் அதை வருணித்தார்கள். ஆய்வு உண்மை. ஆனால் கண் மூக்கை ஏய்க்கும் என்பதைத்தான் அது காட்டுகிறது. மணம் இல்லை என்றல்ல. மனப்பாடச் சொற்கள் எவ்வளவு எளிதில் தடம் மாறும் என்பதற்கும் அதுவே சாட்சி. மணத்தைச் சொல்லவே முடியாது என்ற வாதமும் நிற்காது. மலேசியக் காட்டில் வாழும் ஜஹாய் மக்கள், நிறங்களைச் சொல்வதுபோல வாசனைகளையும் தடுமாறாமல் சொல்கிறார்கள் என்று 2014-இல் ஆய்வாளர்கள் அசிஃபா மஜித், நிக்லாஸ் புரென்ஹல்ட் இருவரும் காட்டினார்கள். உள்ளூர்ப் பொருளை வைத்துச் சொன்னால் வெளியூரார்க்குப் புரியாதே என்ற தடைக்கும் பதில் உண்டு. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஆன் நோபிள் 1980-களில் மணச் சக்கரம் அமைத்தபோது, அங்கே கடையில் கிடைத்த டின் அஸ்பராகஸ் சாற்றையும் குடைமிளகாயையும் ஒயினில் கலந்தே மாதிரி காட்டினார்கள். அவர்கள் கடைச்சரக்குக்கு உள்ள உரிமை நம் கொய்யாவுக்கும் தனியாவுக்கும் இருக்கிறது.

மருத்துவமனை வாசலில் நின்று மதுவைப் புகழலாமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி, ஒயினும் மதுதான், அதன் தீங்கைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் மணத்தை அறிய விழுங்க வேண்டியதில்லை. தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பிவிடுகிறார்கள். ஏன், ஒயினே இல்லாமலும் தொடங்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை; தோல் கறுப்பு என்றாலும், மஸ்கட் ஆஃப் அலெக்சாந்திரியா என்ற வெள்ளைத் திராட்சைக்குப் பிறந்தது. அதில் ஒரு கொத்து வாங்கி, குளிர் விட்டபின் நசுக்கி முகர்ந்து பார். பக்கத்தில் கொஞ்சம் இடித்த தனியாவும் நாலு ரோஜா இதழும் இருக்கட்டும். எது எதோடு ஒத்துப்போகிறது என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் நண்பன்