சன்னல் இல்லாத விடுதி

தானங் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நம் பெரியோர் கேட்பதுண்டு. இலவசமாகக் கிடைத்ததைக் குறை கூறுவது நன்றி கெட்ட செயல் என்பது அதன் பொருள். அமெரிக்காவில் கட்டப்படாமலே நின்றுபோன ஒரு மாணவர் விடுதியைப் பற்றி அறிந்தது முதல் இந்தப் பழமொழி என் மனத்தைவிட்டு அகலவில்லை. தோழியரே, அந்தக் கதையை நீங்களும் கேளுங்கள்.

கலிபோர்னியா மாநிலத்தில், பசிபிக் கடலோரத்தில், சாண்டா பார்பரா பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே மாணவர்களுக்குத் தங்க இடம் கிடைப்பது அரிது. 2016ஆம் ஆண்டில் சார்லி மங்கர் என்னும் பெருஞ்செல்வந்தர், விடுதி கட்ட 20 கோடி டாலர் தருவதாக முன்வந்தார். ஆனால் கட்டடம் தாம் வகுத்த அமைப்பிலேயே இருக்கவேண்டும் என்றார். அவரோ கட்டடக் கலை பயின்றவர் அல்லர்.

அவர் எண்ணிய விடுதிக்கு 11 மாடிகள். ஏறத்தாழ 4,500 மாணவர்கள் அதில் தங்கலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறை. இதுவரை கேட்க இனிமைதான். ஆனால் நூற்றுக்கு 94 அறைகளுக்கு வெளியே பார்க்கும் சன்னல் கிடையாது! அதற்குப் பதிலாகச் சுவரில் பகல் வெளிச்சம் போல ஒளிரும் செயற்கைச் சன்னல் வைப்பார்களாம். அறை சிறியதாக இருந்தால் மாணவர்கள் பொதுக்கூடத்திற்கு வந்து ஒருவரோடொருவர் பழகுவார்கள் என்பது அவர் எண்ணம். கெட்ட எண்ணம் என்று அதைச் சொல்ல முடியாது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அவர் நன்கொடையால் எழுந்து 2015இல் திறக்கப்பட்ட விடுதியிலும் பெரும்பாலான படுக்கையறைகளுக்குச் சன்னல் இல்லை.

சாண்டா பார்பராவில் கட்டடத் திட்டங்களை ஆராயும் குழுவில் டென்னிஸ் மெக்ஃபாடன் என்ற கட்டடக் கலைஞர் இருந்தார். இந்தத் திட்டத்தை ஏற்க மனமின்றி, 2021 அக்டோபரில் அவர் குழுவிலிருந்து விலகினார். மாணவர்களும் எதிர்த்தனர். அந்த ஆண்டு அங்கே இடமின்றி ஓட்டல்களிலும் கார்களிலும் தங்கியவர்கள் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. இடம் தேவைப்பட்டவர்களே இந்த இடம் வேண்டாம் என்றார்கள். 2023இல் பல்கலைக்கழகம் திட்டத்தைக் கைவிட்டது. அதே ஆண்டில் மங்கர் தமது 99ஆம் வயதில் காலமானார்.

இந்தச் செய்தி என்னை இவ்வளவு தொட்டதற்குக் காரணம் உண்டு. அடுத்த ஆண்டு மேல்நிலைப் படிப்புக்காக நான் சென்னையிலுள்ள பெரியப்பா வீட்டிற்குச் செல்ல இருக்கிறேன். ஐந்தாவது மாடியில் வீடு. தம் வீட்டுச் சாமான் அறையை எனக்காக ஒழித்துச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். ஒரு பைசா வாங்க மாட்டேன் என்கிறார். அந்த அறைக்குச் சன்னல் இல்லை. "கொடுக்கிறவங்க மனசு நோகற மாதிரி எதுவும் சொல்லிடாதே" என்கிறாள் அம்மா.

அம்மா சொல்வதும் சரியே. ஆனாலும் கொடுப்பவர் அந்த அறையில் இரண்டு ஆண்டுகள் இருக்கப் போவதில்லை. நான் இருக்கப் போகிறேன். மாட்டைக் கட்டி வளர்க்கப் போகிறவர் அதன் பல்லைப் பார்ப்பது எப்படிக் குற்றமாகும்? மெக்ஃபாடன் செய்ததில் எனக்குப் பிடித்தது இதுதான்: கட்டடம் தாளில் இருக்கும்போதே அவர் தம் மனத்தில் உள்ளதைச் சொன்னார். சுவர் எழும்பிய பிறகு முணுமுணுத்து என்ன பயன்?

நானும் பெட்டி கட்டுமுன்பே பெரியப்பாவிடம் பேசுவதென்று முடிவு செய்திருக்கிறேன். "படுக்க அந்த ரூம் போதும் பெரியப்பா. படிக்க மட்டும் கூடத்துச் சன்னல் பக்கம் ஒரு சின்ன மேசை போட்டுக்கலாமா?" என்று கேட்பேன். நன்றியையும் தேவையையும் ஒரே மூச்சில் சொல்லக் கற்றுக்கொள்வதும் படிப்பில் ஒரு பகுதிதானே!